குரல்நாணில் ஆரம்பகட்டப் புற்று: லேசரா, கரண்ட்டா? குரல் எந்த அளவுக்குத் திரும்பும்?

வெள்ளகோவில்_மருந்தாளுநர் கேட்டது:

வணக்கமுங்க. எங்க தாய்மாமாவுக்காகக் கேக்கறேன். வயசு 58, விசைத்தறிக் கூடத்துல மேஸ்திரி. குரல் கம்மி நாலு மாசம் ஆகுது. கையில இருக்கற ரிப்போர்ட்டை அப்படியே போடறேன்.

வீடியோ லாரிங்கோஸ்கோப்பி (கேமராக் குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்த்தது): வலது குரல்நாணோட நடுப்பகுதியில வெண்படலத்தோட 6 மி.மீ. கரடு. ரெண்டு நாணும் முன்னால சேர்ற முனையில இருந்து 3 மி.மீ. தள்ளி நிக்குது. ரெண்டு நாணும் நல்லா அசையுது. ஸ்ட்ரோபோஸ்கோப்பியில (விட்டு விட்டு மின்னற வெளிச்சத்துல நாண் அதிர்றதைப் பார்க்கற சோதனை) அந்த இடத்துல சவ்வு அலை குறைஞ்சிருக்குது, ஆனா முழுசா நிக்கலை. பயாப்ஸி: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (மேல்சவ்வுல வர்ற புற்று), வெல் டிஃபரன்ஷியேட்டட் (இயல்பான செல்லை ஒத்த வகை). கழுத்துல நெறி இல்லை. டி1ஏ என்0ன்னு, அதாவது கட்டி ஒரு நாணோட நிக்குது, நெறிக்குப் பரவலைன்னு எழுதியிருக்காங்க.

மத்தது: முப்பது வருசமா பீடி, பாக்கும் போடுவாரு. வாய் திறந்தா மூணு விரல் உள்ள போகுது. சர்க்கரை இருக்குது, எச்பிஏ1சி (மூணு மாசச் சர்க்கரைச் சராசரி) 7.8. இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 மி.கி. தினமும்.

ஒரு டாக்டர் லேசர்ங்கறாரு, இன்னொருத்தர் கரண்ட் (கதிர் சிகிச்சை) வச்சாலே போதும்ங்கறாரு. எதுல நோய் திரும்பாம இருக்கும்? தறிச் சத்தத்துக்கு மேல பேசற வேலை, குரல் என்ன ஆகும்? ஒருவேளை திரும்பி வந்தா அடுத்து என்ன வழி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஈரோடு_காதுமூக்குதொண்டை எழுதியது:

ரிப்போர்ட்டை முழுசாப் போட்டது நல்லதுங்க. இடமும் அளவும் அசைவும் தெரியாம இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

டி1ஏ நிலையில நோயைக் கட்டுப்படுத்தறதுல லேசரும் கரண்ட்டும் ஏறக்குறைய சரிசமம். அஞ்சு வருசக் கணக்குல ரெண்டுக்கும் பெரும்பாலும் 85-லிருந்து 95 சதவீதத்துக்குள்ளதான் வருது. அதனால 'எது பெருசு'ங்கறதை ஓரமா வச்சிட்டு, கட்டி எங்க உக்காந்திருக்குது, எவ்வளவு ஆழம் போயிருக்குது, கருவியை விட்டு அதை நேரா எட்ட முடியுமா, இந்த மூணையும்தான் பாக்கோணும்.

இடத்தைப் பொறுத்தவரைக்கும் மாமாவுக்கு நல்ல சேதிதான். நடுநாண்ல இருக்கற கட்டி லேசருக்குத் தோதானது. நாங்க பயப்படறது முன்முனையைத் தொட்ட கட்டிக்கு. அந்த இடத்துல நாணோட நார் நேரா தைராய்டு குருத்தெலும்புக்குள்ள போய் இறங்குது, எலும்பை மூடற உறை அங்க இல்லை. கட்டி அந்த வழியா எலும்புக்குள்ள நுழைஞ்சா மேல இருந்து பார்க்கறப்பத் தெரியாது. டி1-ன்னு நெனச்சது உண்மையில அதைவிட முத்தினதா இருக்கும். இங்க 3 மி.மீ. தள்ளி நிக்கறதால, கட்டியைச் சுத்தி 1 முதல் 2 மி.மீ. நல்ல திசுவோட எடுத்தாலும் முன்முனையைத் தொடாம வெளிய வரலாம்.

ஆழத்துக்கு ஸ்ட்ரோபோஸ்கோப்பிதான் துப்பு. அலை குறைஞ்சிருக்குது ஆனா நிக்கலைன்னா கட்டி மேல்சவ்வைத் தாண்டிக் கொஞ்சம் எறங்கியிருக்கலாம், தசையைத் தொட்டிருக்க வாய்ப்பு கம்மி. ஐரோப்பியக் குரல்வளைச் சங்கம் 2000-ல வகுத்த முறைப்படி முதல் வகையில மேல்சவ்வு மட்டும், ரெண்டாவதுல அதுக்குக் கீழ இருக்கற நார் வரைக்கும், மூணாவதுல தசையில ஒரு பகுதியும் சேர்த்து, நாலாவதுல நாண் முச்சூடும் எடுக்கறது. அஞ்சாவது பக்கத்து இடங்களுக்கும் நீளும். முன்முனைக்குன்னு ஆறாவதை 2007-ல சேர்த்தாங்க. மாமாவுக்கு ரெண்டாவது வகையில முடியலாம்னு ரிப்போர்ட்டைப் பார்த்தாத் தோணுது. ஆனா கடைசி முடிவு ஆபரேஷன் மேசையிலதான். மைக்ராஸ்கோப்புல பார்த்து வெட்டறப்ப நார் வெள்ளையா, பளபளன்னு தெரியோணும். அதுக்குக் கீழ செவந்த தசையில கட்டி ஒட்டியிருந்தா மூணாவது வகைக்குப் போகோணும். குரலுக்கு என்ன ஆகும்ங்கறது இந்த எல்லையிலதான் இருக்குது.

இன்னொண்ணு அழுத்திச் சொல்றேன். லேசர் இங்க வெட்டற கத்தி, சுட்டு அழிக்கற தீ இல்லைங்க. கார்பன் டை ஆக்சைடு லேசரோட அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர்; திசுவுல இருக்கற தண்ணி அதை அப்படியே உறிஞ்சிக்கும், அதனால சூடு ஆழமாப் பரவாது. 400 மி.மீ. லென்ஸ் போட்ட மைக்ராஸ்கோப்பு வழியா கால் மி.மீ. அகலப் புள்ளியா கொண்டுவந்து, சில வாட் சக்தியில, ரத்தமில்லாம வெட்டலாம். கட்டியை ஆவியாக்கிட்டு 'எரிச்சாச்சு'ன்னு சொன்னா பேத்தாலஜிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்ப ஒண்ணும் மிஞ்சாது, ஓரம் சுத்தமாங்கறது கடைசி வரைக்கும் தெரியாது. அதே மாதிரி ஒரே இடத்துல மெதுவா இழுத்து வெட்டினா ஓரம் கரியும். கரிஞ்ச ஓரத்தை வச்சு பேத்தாலஜிஸ்ட்டால முடிவு சொல்ல முடியாது. எடுத்த துண்டுல எது முன்பக்கம், எது அடிப்பக்கம்னு மை தடவி, குத்தி வச்சு அனுப்போணும். இதைச் செய்யற இடமான்னு கேட்டுக்கோங்க. பேக்கேஜ் விலையைக் கேக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி இது.

திரும்பி வந்தா என்ன வழின்னு கேட்டீங்க. என் கணக்குல லேசர் பக்கம் எடை கூடறது அதுலதான். லேசருக்கு அப்புறம் திரும்பினா மறுபடியும் லேசர் பண்ணலாம், கரண்ட் வைக்கலாம், திறந்து பகுதியா எடுக்கலாம். கரண்ட்டை அதே இடத்துல முழு அளவுல ரெண்டாவது தடவை வைக்க முடியாது. அதுக்கு அப்புறம் திரும்பற கட்டிகள்ல பல பேருக்குக் குரல்வளையையே எடுக்க வேண்டி வருது. சொந்தக் குரல்வளையோட இருக்கறவங்க கணக்குல லேசர் கொஞ்சம் முன்னால நிக்கறதுக்குக் காரணம் இதுதான்.

---

கதிர்ப்பிரிவு_கோவை எழுதியது:

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கதிர் சிகிச்சையைப் பற்றிச் சொல்லாமல் விட்டதும் முக்கியம்.

டி1 நாண் கட்டிக்குக் கழுத்து முழுவதும் கதிர் வைப்பதில்லை. குரல்நாணில் நிணநீர்ப் பாதை மிகக் குறைவு என்பதால் நெறிகளுக்குப் பரவுவது அரிது. ஏறக்குறைய 5 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவுள்ள சின்னக் கட்டத்துக்குள் சிகிச்சை முடிந்துவிடும். கீமோ தேவையில்லை. இப்போது பரவலாக உள்ள அளவு, நாளுக்கு 2.25 கிரே (கதிர் அளவின் அலகு) வீதம் 28 தடவை, மொத்தம் 63 கிரே. வாரம் ஐந்து நாள் என்றால் ஐந்தரை வாரத்தில் முடியும். நாளுக்கு 2 கிரே வீதம் 33 தடவை என்ற பழைய முறைக்கு ஆறரை வாரம் பிடிக்கும். ஜப்பானில் 180 பேரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 2.25 கிரே பிரிவில் ஐந்து வருடக் கட்டுப்பாடு 92 சதவீதம், 2 கிரே பிரிவில் 77 சதவீதம். ஆகவே எந்த அளவு கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குரல் விஷயத்தில் கதிருக்கு ஒரு சாதகம் உண்டு. நாணின் தசை அப்படியே இருக்கும், பள்ளம் விழாது. பின்லாந்தில் டி1ஏ உள்ள 60 ஆண்களை லேசர், கதிர் என்று பிரித்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. மொத்தக் குரல் தரம் இரண்டிலும் ஒத்திருந்தது. ஆனால் லேசர் பிரிவில் காற்றுக் கலந்த குரலும் நாண்களுக்கு இடையில் இடைவெளியும் கூடுதல். இரண்டு வருடம் கழித்துக் கேட்டபோது, கம்மலால் அன்றாட வாழ்வில் தொந்தரவு என்று சொன்னவர்கள் கதிர்ப் பிரிவில் குறைவு. மேல்சவ்வோடு முடிகிற கட்டி என்றால் லேசரே போதும் என்று நானும் சொல்வேன். தசைக்குள் இறங்கி மூன்றாவது, நான்காவது வகை வெட்டு தேவைப்படும் என்று தெரிந்தால், குரலை நம்பிப் பிழைப்பவருக்குக் கதிரையும் சமமாக எடைபோட வேண்டும்.

பக்கவிளைவுகள்: மூன்றாவது வாரத்தில் தொண்டை எரிச்சல், விழுங்க வலி, கழுத்துத் தோல் கறுத்து உரிதல். குரல் முதலில் இன்னும் மோசமாகி, சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் தெளியும். இது முன்பே தெரியாவிட்டால் 'கரண்ட் வைத்து இருந்த குரலும் போச்சு' என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தோலில் மஞ்சள் பத்து, எண்ணெய், விபூதிக் குழைவு எதுவும் வேண்டாம். பிளேடு போட்டுச் சவரம் செய்யக் கூடாது. பிற்காலத்தில் சிலருக்குக் குரல்வளை வீக்கம் நிற்கும், தைராய்டு குறையலாம். வருடம் ஒருமுறை டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தால் போதும். குருத்தெலும்பு அழுகுவது மிக அரிது.

வெள்ளகோவிலிலிருந்து கோவைக்கு ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 28 நாளும் போய்வருவேன் என்று தொடங்கி, கல்யாணம், நோம்பி, தறி ஓட ஆளில்லை என்று நடுவில் விட்டுவிடுவதுதான் நான் சொல்கிற எண்களைக் கெடுப்பது. விட்ட நாள்கள் சேர்ந்து சிகிச்சை ஒரு வாரம் நீண்டாலே கட்டுப்பாடு குறைகிறது, கட்டி அந்த இடைவெளியில் பெருகிக்கொள்ளும். தவிர்க்க முடியாமல் ஒரு நாள் போனால் உடனே சொல்லுங்கள். இன்னொரு நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை வைத்து ஈடுகட்ட வழியுண்டு. ஐந்தரை வாரமும் ஒறம்பரை (உறவினர்) வீட்டிலோ மருத்துவமனை பக்கத்திலோ தங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் அதுவே லேசருக்கு ஒரு காரணம். பீடியை அன்றே நிறுத்த வேண்டும். புகைத்துக்கொண்டே கதிர் வைத்தால் பலன் குறையும், புண்ணும் ஆறாது.

---

மயக்கமருந்து_சேலம் எழுதியது:

லேசர் என்று முடிவானால் மயக்கமருந்து பக்கம் பார்க்க வேண்டியவை.

மூன்று விரல் போகிறது என்றால் குழாய் போடச் சிரமம் இருக்காது. ஆனால் லாரிங்கோஸ்கோப்பு நேரான இரும்புக் குழல். அது வாய் வழியாக முன்முனை வரை ஒரே கோட்டில் போய் நிற்க வேண்டும். பாக்கு போட்டுக் கன்னம் இறுகினவர்கள், கழுத்து குட்டையானவர்கள், கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாதவர்கள், மேல்பல் நீட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு முன்பக்கம் மறைந்துவிடும். தெரியாததை லேசர் வெட்ட முடியாது. இதை முன்கூட்டியே சொல்லி, 'எட்டவில்லை என்றால் கதிருக்குப் போவோம்' என்று பேசி வைத்துக்கொள்வது முறை. ஆடுகிற பல் இருந்தால் முதலில் பல் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புக் குழல் அழுத்தத்தில் நாக்கு மரப்பும் சுவை மாற்றமும் சிலருக்கு வரும், சில வாரத்தில் சரியாகும்.

தீ. மூச்சுக்குழாயில் ஆக்சிஜன், பக்கத்தில் பிளாஸ்டிக் குழாய், நடுவில் லேசர் என்றால் தீப்பிடிக்கத் தேவையான மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. சாதாரண பிவிசி குழாய் எரியும். லேசர் தாங்கும் உலோகக் குழாயோ உறை போட்ட குழாயோ வேண்டும், உள்விட்டம் 5 முதல் 6 மி.மீ. அதன் பலூனில் காற்றுக்குப் பதில் மெத்திலீன் நீலம் கலந்த சலைன். பலூன் கிழிந்தால் நீலம் தெரியும், வழிகிற நீரும் தணிக்கும். ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே, காற்றோடு கலந்து. நைட்ரஸ் ஆக்சைடும் எரிதலுக்குத் துணைபோகும், அது கூடாது. பலூன் மேல் ஈரப் பஞ்சு, முகத்துக்கும் கண்ணுக்கும் ஈரத்துணி. 50 மி.லி. சிரிஞ்சில் சலைன் தயாராக இருக்க வேண்டும். தீப்பிடித்தால் லேசரையும் வாயுவையும் நிறுத்தி, குழாயை உருவி, சலைன் ஊற்றி, அணைந்தது உறுதியான பிறகு மாஸ்க்கில் மூச்சு கொடுத்து, பின் மூச்சுக்குழலை உள்ளே பார்க்க வேண்டும். இவ்வளவும் நொடிகளில் நடக்க வேண்டும் என்பதால் லேசர் தொடங்குமுன் யார் எதைச் செய்வது என்று சொல்லிவைக்கிறோம். 'உங்களிடம் லேசர் குழாய் இருக்கிறதா' என்று நோயாளி வீட்டார் கேட்பதில் தவறே இல்லை.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்திருக்கிறதா, எப்போது வைத்தது என்பதை இதய டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள், 75 மி.கி.யைத் தொடர்ந்துகொண்டே இந்த அறுவையைச் செய்வதும் உண்டு. எச்பிஏ1சி 7.8-க்காகத் தள்ளிப்போட வேண்டாம். திட உணவும் பால் காபியும் ஆறு மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வரக் கூடாது.

---

வெள்ளகோவில்_மருந்தாளுநர் எழுதியது:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஸ்டென்ட் இல்லை, ஆஞ்சியோ பார்த்துட்டு மாத்திரை மட்டும்தான் கொடுத்தாங்க. கழுத்து நல்லா சாயுது. ஒறம்பரை கோவையில யாரும் இல்லை, அதனால லேசர் பக்கம் மனசு போகுது. மாமா கேக்கறது ஒண்ணுதான்: கூடத்துல நாப்பது தறிக்கு நடுவுல பழையபடி ஆளைக் கூப்பிட முடியுமா?

---

குரல்பயிற்சி_திருப்பூர் எழுதியது:

மாமா கேட்டது சரியான கேள்விங்க. வீட்டுல பேசற குரல் திரும்பறதும் தறிக்கூடத்துல கத்தற குரல் திரும்பறதும் வேற வேற.

முதல் வகை, ரெண்டாவது வகை வெட்டுன்னா பேச்சுக் குரல் ஏறக்குறைய இயல்புக்கு வந்துரும். ரெண்டு மூணு மாசம் பிடிக்கும். தசையும் போச்சுன்னா நாண்ல பள்ளம் விழும், ரெண்டு நாணும் சேர்றப்ப இடுக்கு நிக்கும், காத்து ஒழுகும். அந்தப் பள்ளத்துல தழும்புத் திசு மெல்ல மேடாகி வர ஆறு மாசத்துல இருந்து ஒரு வருசம் ஆகும். அதுவரைக்கும் குரல் மாறிக்கிட்டேதான் இருக்கும். மூணாம் மாசம் கேட்கற குரலை வச்சு 'இவ்வளவுதான்'னு முடிவு கட்டாதீங்க.

இதை அளந்து பார்க்கலாம். அறுவைக்கு முன்னாடியே குரலைப் பதிவு பண்ணி வைக்கோணும், ஃபோன்ல கூட போதும்: சத்தமில்லாத அறை, வாயில இருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு பத்தி படிச்சு, அப்புறம் 'ஆ'ன்னு ஒரே மூச்சுல இழுக்கோணும். மூணு தடவை இழுக்கச் சொல்லி அதிகமா வர்ற நொடியை எழுதி வைங்க. பத்து நொடிக்குக் கீழ நின்னா இடுக்கு வழியா காத்து போகுதுன்னு அர்த்தம். அதோட பத்துக் கேள்வி இருக்கற குரல் இடர்ப்பாட்டு அட்டவணை ஒண்ணு இருக்குது, மொத்தம் 40 மதிப்பெண். 11-க்கு மேல போனா குரல் வாழ்க்கையை இடைஞ்சல் பண்ணுதுன்னு எடுத்துக்கறோம். அறுவைக்கு முன், மூணாம் மாசம், ஆறாம் மாசம், வருசக் கடைசின்னு இதைப் போட்டா முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

அறுவை முடிஞ்சு மௌனம் எத்தனை நாள்ங்கறது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், மூணு நாள்ல இருந்து ஒரு வாரம் வரைக்கும். கிசுகிசுன்னு பேசறதும் கூடாதுங்க. பலபேர் அது நாணுக்கு ஓய்வுன்னு நெனைக்கறாங்க, கிசுகிசுப்புல மேல இருக்கற தசைகள் இறுகும். தொண்டையைச் செருமறது அதைவிடக் கெடுதல், ஆறற புண்ணுல ரெண்டு ஓரமும் மோதி அங்க சதை வளரும். செருமல் வந்தா ஒரு வாய் தண்ணி குடிச்சு முழுங்கச் சொல்லுங்க. ஆவி பிடிக்கலாம், வெறும் தண்ணியில. தைலம், கற்பூரம் வேண்டாம். நெஞ்செரிச்சல் இருந்தா டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திரை வாங்கோணும், ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூணு மணி நேரம் இடைவெளி விடோணும்.

இப்பக் கூடத்துக்கு வருவோம். நாடாத் தறி ஓடற கூடத்துல சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அதுக்கு மேல பேசறவரு நாணை மட்டும் வச்சுப் பேச முடியாது, மேல இருக்கற பொய்நாண்களையும் சேர்த்து இறுக்கித்தான் பேசுவாரு. ஒரு பக்கம் பள்ளம் விழுந்த நாண்ல இது வழக்கமாயிட்டா, அடித்தொண்டைக் குரல் நெலச்சிரும், அப்புறம் பயிற்சியில மாத்தறது கஷ்டம். அதனால நாலுல இருந்து ஆறு வாரம் கூடத்துக்குள்ள பேச்சே வேண்டாம். அதுக்கு அப்புறமும் ஆளைத் தூரத்துல இருந்து கூப்பிடறதை விட்டுட்டு, விசிலு, கைஜாடை, லைட் சைகைன்னு பழக்கிக்கோணும். பேச வேண்டியதை அலுவலக அறைக்கு வந்து கதவைச் சாத்திட்டுப் பேசலாம். நாப்பது தறிக்கு நடுவுல பழைய சத்தம் வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ரெண்டாவது வகையிலயே முடிஞ்சா வர வாய்ப்பு இருக்குது. மூணாவதுன்னா நம்பி இருக்க வேண்டாம், வேலை முறையை மாத்திக்கறதுதான் வழி.

ஒரு வருசத்துக்கு அப்புறமும் இடுக்கு நின்னா, நாணுக்குள்ள கொழுப்போ நிரப்பு மருந்தோ ஊசியில வச்சு மேடாக்கலாம், இல்லைன்னா வெளிய கழுத்து வழியா ஒரு சின்ன முட்டுக் கொடுக்கலாம், தைரோபிளாஸ்டின்னு பேரு. பெரும்பாலும் ஆறு மாசத்துக்கு முன்னாடி செய்ய மாட்டாங்க. உள்ள நோய் திரும்புதாங்கறதை நிரப்பின மருந்து மறைச்சிரக் கூடாதுன்னுதான்.

---

வெள்ளகோவில்_மருந்தாளுநர் எழுதியது:

இதுவரைக்கும் யாரும் இவ்வளவு வெவரமாச் சொல்லலைங்க. கடைசியா மூணு கேள்வி. அறுவை முடிஞ்சு பேத்தாலஜியில 'குளோஸ் மார்ஜின்'னு (வெட்டின ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்துல கட்டி இருக்குதுன்னு) வந்தா உடனே கரண்ட் வைக்கோணுமா? செக்கப்புக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா வரோணும்? சி.டி. எடுக்கலை, அது வேணுமா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குது.

---

ஈரோடு_காதுமூக்குதொண்டை எழுதியது:

'குளோஸ்'னு வந்தா பதறாதீங்க. 2 மி.மீ. விட்டு வெட்டின துண்டு எடுத்த உடனே சுருங்கும், ஃபார்மலின்ல இன்னும் சுருங்கும். ரிப்போர்ட்டுல 1 மி.மீ.க்கும் கீழ வரும். அதோட எங்களோட வெட்டுலயே ஒரு மயிரிழை திசு ஆவியாப் போயிருக்கும். மத்த வாய், தொண்டைக் கட்டிகளுக்குக் கேக்கற 5 மி.மீ. ஓரத்தை நாண்ல கேட்டா நாணே மிஞ்சாது. அதனால குளோஸ்னா கூர்ந்த கண்காணிப்பு, பல சமயம் ஆறுல இருந்து எட்டு வாரத்துல மறுபடி மயக்கம் கொடுத்து மைக்ராஸ்கோப்புல பார்த்து, சந்தேகமான இடத்துல துண்டு எடுக்கறது. ஓரத்துல கட்டி இருக்குதுன்னே வந்தா, எந்தப் பக்கம்னு தெரியோணும். தெரிஞ்சா அந்த இடத்தை மட்டும் திரும்ப வெட்டிரலாம். மை தடவிக் குறி வைக்கோணும்னு முன்னாடி சொன்னது இதுக்காகத்தான். ஓரம் ரெண்டாவது தடவையும் சுத்தமா வரலைன்னாத்தான் கரண்ட்டைப் பத்திப் பேசோணும்.

சி.டி. நடுநாண் டி1ஏ-க்கு பெரும்பாலும் புதுசா ஒண்ணும் சொல்லாதுங்க. பயாப்ஸி எடுத்த வீக்கம் வேற படத்தைக் குழப்பும். முன்முனையைத் தொட்டிருக்குதோன்னு சர்ஜனுக்குச் சந்தேகம் இருந்தா மட்டும், 1 மி.மீ. மெல்லிய வெட்டுகளோட மருந்து செலுத்தி எடுக்கோணும். ஆனா முப்பது வருசம் பீடின்னதால நெஞ்சுக்கு ஒரு படம் கட்டாயம் பாருங்க. இந்த நோய்க்காரங்கள்ல நாண் கட்டி குணமான பொறகு நுரையீரல்லயோ வாய்லயோ இன்னொரு புற்று வர்றது உண்டு, அது தனிக் கட்டி.

வழக்கமா அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிருவாங்க, அன்னிக்கே கஞ்சி குடிக்கலாம். கழுத்துல ஓட்டை போடற வேலை இந்த அளவு கட்டிக்கு வராது. வலி கம்மி, எச்சில்ல சிவப்புக் கீத்து ரெண்டு நாள் வரலாம். செக்கப் முதல் வருசம் ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டாவது வருசம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா, அப்புறம் அஞ்சு வருசம் முடியற வரைக்கும் நாலுல இருந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா. ஒவ்வொரு தடவையும் குழாய் விட்டுப் பார்த்துப் படம் பதிவு பண்ணச் சொல்லுங்க, அடுத்த படத்தோட ஒப்பிடோணும். வெட்டின இடத்துல ஒண்ணு ரெண்டு மாசத்துல செவந்த சதை ஒண்ணு எழும்பி எல்லாரையும் பயமுறுத்தும். அது பெரும்பாலும் கிரானுலோமா (புண்ணு ஆறறப்ப வர்ற சதை), அமிலத்துக்கு மாத்திரை கொடுத்தாத் தானா சுருங்கும். மூணு மாசம் தாண்டியும் நின்னா, இல்லைன்னா வளர்ந்தா துண்டு எடுக்கோணும்.

தெளிஞ்சு வந்த குரல் மறுபடி கம்மிக் கொஞ்ச நாள் நின்னா, காது வலிச்சா, முழுங்க வலிச்சா, ரத்தம் வந்தா, மூச்சுல சத்தம் கேட்டா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க. நேரத்துல பிடிச்சா மறுபடி லேசர்லயே முடிக்கலாம். ஆறு மாசம் கழிச்சு வந்தா அந்த வழி அடைஞ்சு போயிருக்கும். செக்கப்புக்கு ஒழுங்கா வர மாட்டாருன்னு நீங்களே நெனச்சா அதையும் டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க.

காப்பீட்டுல குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கோணும். குரல்நாண் லேசர் எந்தத் தொகுப்புல வருதுன்னு மருத்துவமனையில இருக்கற காப்பீட்டு கவுன்டர்ல கேளுங்க, முன்னனுமதி வந்த பொறகுதான் தேதி கொடுப்பாங்க. அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூணுலயும் பேரு ஒரே மாதிரி இருக்குதான்னு இன்னிக்கே பாருங்க, இனிஷியல் மாறினாலே இழுத்தடிக்கும். பயாப்ஸி வந்த நாள்ல இருந்து நாலு வாரத்துக்குள்ள சிகிச்சை தொடங்கப் பாருங்க.

போறப்ப பயாப்ஸி ரிப்போர்ட்டோட நிக்காம ஸ்லைடையும் பிளாக்கையும் (எடுத்த திசு இருக்கற கண்ணாடித் தகடு, மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கிக்கோங்க, லாரிங்கோஸ்கோப்பி வீடியோவைப் பென் டிரைவ்ல வாங்குங்க. சர்ஜனும் கதிர் டாக்டரும் ஒரே நாள்ல பார்க்கற இடமாத் தேடிப் போங்க. ரெண்டு பேரும் அந்த வீடியோவைச் சேர்ந்து பார்த்தாங்கன்னா, உங்களுக்கு வந்த ரெண்டு கருத்துல எது பொருந்தும்னு அங்கயே முடிவாயிரும்.